மகன் தலையை நேர்ந்துகொண்ட கதை

1

இன்று காலை என் மகன் கார்த்தி முகாமுக்குப் புறப்பட்டுப் போனான். பதினேழு வயது ஆகிறது. இந்த வருஷம் அவனுக்குப் பதவி உயர்வு: சின்னப் பையன்களை ஏரியில் படகு ஓட்ட அழைத்துப்போகும் அண்ணன் வேலை. போய்ச் சேர்ந்ததும் ஃபோன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். மதியத்துக்குள் செய்திருக்க வேண்டும். இன்னும் செய்யவில்லை.

ரேடியோக்காரன் வேறு மாலையில் இடியும் மழையும் என்று அரை மணிக்கொரு தரம் சொல்கிறான். ஊரில் மழை வந்தால்தான் மழை. அதுவரை நிம்மதியாக வடாம் காயவைத்துக்கொண்டு இருப்போம். கனடாவில் அந்த வசதி கிடையாது. மழை வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பயப்பட ஆரம்பிக்கலாம்.

பழைய நானாக இருந்தால் இந்நேரம் திருத்தணி முருகனிடம் எதையாவது நேர்ந்துகொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டு, ஒரு வாய் காபி குடித்திருப்பேன். இப்போது அது முடியாது. மகனுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கொடுத்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் அது முதல் தடவையாகக் கழுத்தைப் பிடிக்கிறது. கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது. சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

2

அவன் முதல் தடவை முகாமுக்குப் போனது பதின்மூன்று வயதில். பள்ளிக்கூடத்திலிருந்து படிவங்கள் வந்தன. எத்தனை பக்கம் என்கிறீர்கள்! எனக்குக் கல்யாணம் நடந்தபோதுகூட இத்தனை கேள்வி யாரும் கேட்கவில்லை. பிள்ளைக்கு என்ன சாப்பிட்டால் ஆகாது, நீச்சல் எவ்வளவு தெரியும், தூக்கத்தில் நடப்பானா, எதற்கெல்லாம் பயப்படுவான். அம்மா எதற்கெல்லாம் பயப்படுவாள் என்று கேட்டிருந்தால் பின்பக்கமும் சேர்த்து எழுதியிருப்பேன்.

கொண்டுபோக வேண்டிய சாமான்களில் டார்ச் லைட்டும் ஒன்று. கடையில் போய் 'டார்ச்' என்று கேட்டேன். கடைக்காரப் பையன் உள்ளே போய், சுவரில் பழைய பெயின்ட்டைப் பொசுக்குவார்களே, நெருப்பு கக்கும் அந்தச் சாதனத்தை எடுத்துவந்து நீட்டினான். "இது எதற்கு?" என்றேன். "நீங்கள்தானே கேட்டீர்கள்" என்றான். இந்த ஊரில் டார்ச் என்றால் அதுதானாம். "பதின்மூன்று வயதுப் பையன் முகாமுக்குக் கொண்டுபோக" என்று சொன்னேன் பாருங்கள், அவன் முகம் போன போக்கு! பக்கத்தில் நின்ற கார்த்திக்கு அவமானம் தாங்கவில்லை. வீடு வரும்வரை எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தான். அந்த வருஷத்திலிருந்துதான் அவன் எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தான் என்று நினைக்கிறேன். தலைமுடியைத் தோள்வரை வளர்க்க ஆரம்பித்ததும் அப்போதுதான். தினம் காலையில் குளியலறையைப் பூட்டிக்கொண்டு அவன் அதை அலசிக் காயவைத்துச் சீவுவதற்குள் எனக்கு பஸ் போய்விடும். நான் ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிற வேலைக்குப் போகிறவள். தாமதமானால் கூலியில் பிடித்துவிடுவார்கள்.

அந்த முகாமின் நான்காவது நாள், பகல் வேளையில் ஃபோன் வந்தது. முகாம் அலுவலகத்துப் பெண் மிக இனிமையான குரலில் பேசினாள். கவலைப்பட ஒன்றுமில்லையாம், தகவலுக்காகத்தான் சொல்கிறாளாம். படகில் போன பையன்கள் திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பவில்லை, ஏரியில் திடீரென்று காற்று அடித்திருக்கிறது, தேடப் போயிருக்கிறார்கள், அந்தக் குழுவில் உங்கள் மகனும் இருக்கிறான். இதில் கவலைப்பட ஒன்றுமில்லை என்றால் வேறு எதில் இருக்கிறது?

என் கணவர் வேலையில் இருந்தார், கார்த்தியின் தங்கை பள்ளிக்கூடத்தில், எனக்கு அன்று விடுமுறை. வீட்டில் நானும் குளிர்பெட்டியின் மேல் இருக்கும் முருகன் படமும்தான். படத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டுக் கத்தினேன்: "முருகா, எம் புள்ளய உசுரோட குடுத்துடு, அவன் முடியப் பூரா உனுக்குக் குடுத்துடறேன்!"

சாயங்காலம் மறுபடி ஃபோன் வந்தது. பையன்கள் காற்றைப் பார்த்ததும் புத்திசாலித்தனமாக ஒரு தீவில் படகுகளை ஏற்றிவிட்டு, பிஸ்கட் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் மறுமுனையில் 'ஹலோ, ஹலோ' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

3

இப்படி அடுத்தவர் தலையை நேர்ந்துகொள்வதை நான் எங்கே கற்றேன் என்று சொல்ல வேண்டும். எனக்கே ஒருத்தி செய்தாள். அதுவும் ஒரு முகாமில்தான்.

அறுபதுகளின் நடுவில், எனக்கும் அதே பதின்மூன்று வயது. முழுப் பரீட்சை முடிந்த மே மாதத்தில் சாரணியர் முகாம். மே மாதத்தில் திருத்தணியில் முகாம் போடலாம் என்று எந்தப் புண்ணியவதிக்குத் தோன்றியதோ தெரியாது. மலைக்குப் பின்பக்கம் ஒரு மாந்தோப்பில் கூடாரம் அடித்திருந்தார்கள். பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை, திருவாலங்காடு என்று சுற்றுவட்டாரத்துப் பெண்கள் எல்லாம் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். எங்கள் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். என் நைனா ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா; எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், சின்னப் பையன்களையும் செல்லமாக அப்படித்தான். அரக்கோணம் வண்டி ஊதுகிற சத்தம் கூடாரத்துக்குள் கேட்கும். அதைக் கேட்டால் எனக்கு நைனா ஞாபகம் வந்துவிடும். ஆனாலும் வீட்டுக்கு ஓடக் கூடாது. ரோசலின் டீச்சர் விசிலும் கையுமாகத் தோப்பு வாசலிலேயே நிற்பார்.

என் கூடாரத்தில் எனக்கு ஜோடி நாகரத்னம். நாகு என்போம். பொதட்டூர்பேட்டையில் நெசவுக்காரர் வீட்டுப் பெண், தினம் பஸ்ஸில் வந்து என்னோடு ஒரே வகுப்பில் படித்தாள். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். எனக்கு அப்போது முழங்காலைத் தொடும் ஜடை. தினம் காலையில் நாகுதான் பின்னிவிடுவாள். "இன்னாடி சரசு இது, தாம்புக்கயிறு மாதிரி கீது! ரெண்டு கையும் போதலடி" என்று சலித்துக்கொண்டே பின்னுவாள். பின்னி முடித்துவிட்டு அதைக் கையில் எடுத்து எடை பார்ப்பாள். அவளுடைய முடி சுண்டுவிரல் மொத்தம்கூட இருக்காது.

ஒரு நாள் மதியம் தடம் பார்த்துப் போகிற விளையாட்டு. ஒரு குழு கல்லும் குச்சியும் வைத்து அடையாளம் காட்டிப் போகும், மற்றக் குழு கண்டுபிடித்துப் போக வேண்டும். ஜெயிக்க வேண்டும் என்ற வெறியில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெறுங்காலில் பாறை பாறையாக ஓடினேன். மலைப்படி ஆரம்பிக்கிற இடத்தில் கண் இருட்டியது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தெரிந்ததுதான். கை கால் வெட்டி இழுத்ததாம். வாயில் நுரையாம். டாக்டர் ஊரில் இல்லை. ஜட்கா வண்டிக்கு ஆள் ஓடியது. டீச்சர் ஈரத்துணியை என் மேல் போட்டுவிட்டு ஜெபம் செய்ய ஆரம்பித்தார். நாகு மட்டும் எழுந்து நின்று, மலையைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி, எல்லோர் காதிலும் விழக் கத்தியிருக்கிறாள்: "முருகா, இவ கண்ணத் தொறந்துட்டான்னா இவ முடியப் பூரா உனுக்கே குடுத்துடறோம்!"

நான் கண்ணைத் திறந்தேன். அதுதான் வினை.

எழுந்து உட்கார்ந்து மோர் குடிக்கும்போது விஷயம் தெரிந்தது. மோர் டம்ளரை வீசி எறிந்தேன். "என் முடிய நேந்துக்க நீ யாருடி?" என்று கேட்டேன். நாகு அழுதாள். "பயந்துகினேன்டி" என்றாள்.

வீட்டில் போய் நைனாவிடம் முறையிட்டேன். அவரோ, "சாமிகிட்ட சொன்ன வார்த்தை. யாரு சொன்னா இன்னா? எந்தத் தலைய சொன்னாங்களோ அந்தத் தலதான் குடுக்கணும்" என்றார். எங்கள் ஊர் வழக்கம் அப்படி. நேர்ந்தவள் யார் என்ற கேள்வியே கிடையாது. செலுத்தாமல் விட்டால் அது அந்தத் தலையைத் துரத்திக்கொண்டே இருக்கும் என்பார்கள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் மலையில் வைத்து மொட்டை அடித்தார்கள். ஜடை மொத்தமாக மடியில் விழுந்தது. சந்தனம் பூசிக்கொண்டு நான் எழுந்தபோது, நாகு தூணோரம் நின்று விம்மிக்கொண்டிருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த வருஷம் முழுக்க ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்கேல் வேண்டுமென்றால்கூட முன் பெஞ்சுக்காரியைத்தான் கேட்பேன்.

அடுத்த மே மாத முகாமில் பேன் எங்களைச் சேர்த்துவைத்தது. யாரோ ஒருத்தி கொண்டுவந்து, மூன்றே நாளில் முகாம் முழுக்கப் பரவிவிட்டது. எனக்குக் கழுத்தளவு முடிதான், இரண்டு தரம் வாரினால் தீர்ந்துபோயிற்று. மற்றவர்கள் ராவும் பகலும் சொறிந்துகொண்டு கிடந்தார்கள். நாகு கூடாரத்தின் மூலையில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "வாடி இங்க" என்றேன். வந்து என் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டே ஒரு வருஷத்துத் திட்டையெல்லாம் திட்டித் தீர்த்தேன். அவள் "ஆங், ஆங்" என்று கேட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் இன்றுவரை எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

4

கார்த்தி முகாமிலிருந்து கறுத்து, மெலிந்து, சிரித்துக்கொண்டு வந்தான். ஒரு வாரம் கழித்து விஷயத்தைச் சொன்னேன். அவன் முதலில் தமாஷ் என்று நினைத்தான். தமாஷ் இல்லை என்று புரிந்ததும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, இது என் முடி."

"சாமிகிட்ட சொல்லிட்டேன்டா."

"என்னைக் கேட்டீர்களா?" என்றான் ஆங்கிலத்தில். "உங்களுடையது இல்லாத ஒன்றை எப்படிக் கொடுப்பீர்கள்? உங்கள் முடியைக் கொடுக்க வேண்டியதுதானே?"

'பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். பதில் இல்லாத அம்மாக்கள் எல்லோரும் செய்வதுதான்.

அந்தக் குளிர்காலத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அவன் ஒரு தும்மல் போட்டால் நேர்த்திக்கடன் கூப்பிடுகிறது என்று தோன்றும். பனிச்சறுக்கில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும்போதே அவன் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளி பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் வாசலில் செருப்பில்லாமல் நிற்பேன். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் சாக்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள், பாவம்.

என் கணவருக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவு கிடையாது. ஆனால் அவரும், "நேர்ந்தது நேர்ந்தாச்சு, கொடுத்துத் தொலைச்சுடலாம், எதுக்கு வம்பு" என்றார். மகனோ மசியவில்லை. சாப்பாட்டு மேஜையில் பேச்சே குறைந்தது. நான் இருக்கும் அறைக்கு அவன் தொப்பி போட்டுக்கொண்டு வருவான். தூங்கும்போது அம்மா கத்திரிக்கோலோடு வந்துவிடுவாளோ என்று தங்கையிடம் கேட்டானாம். பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன். பிள்ளை இருக்கிறான், என்னைப் பார்த்தால் பயப்படுகிறான்.

5

இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போனோம். மொட்டைப் பேச்சை எடுக்கவே மாட்டேன் என்று என் கணவர் சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் கார்த்தி விமானம் ஏறினான். அவர் எடுக்கவில்லை. நான் சத்தியம் செய்யவில்லையே!

நாகுவுக்கு முன்கூட்டியே எழுதியிருந்தேன். மலையடிவாரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி, பூவும் பையுமாக வந்தாள். இப்போது அவளுக்கு வீட்டில் விசைத்தறி ஓடுகிறது, காது கொஞ்சம் மந்தம், அதனால் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறாள். அவளிடம் என் வழக்கைச் சொன்னேன். நாகு என் கட்சி பேசுவாள், பிள்ளையை இரண்டு அதட்டுப் போடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவளே இதில் முன்னோடி அல்லவா!

அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏன்டி, அன்னிக்கி நீ என்னியக் கேட்டியே, அதத்தான இவனும் கேக்கறான்? அவன் தல, அவன் இஷ்டம். நீ எவடி?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "அப்போ நீ மட்டும் என் முடிய நேந்துகினயே?"

கார்த்திக்குக் கதை தெரியும், விமானத்தில் சொல்லியிருந்தேன். அவனுடைய உடைந்த தமிழில் அவனே கேட்டான்: "ஆன்ட்டி, நீங்க ஏன் உங்க முடி குடுக்கலை?"

நாகு முதலில் சிரித்தாள். "எங்கிட்ட முடி எங்க கீது நைனா? இப்ப மாதிரிதான் அப்பவும், எலிவாலு" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. "உங்கம்மா செத்துப் பூடுவான்னு நெனச்சிகினேன். பெருசா எதனா குடுத்தாத்தான் சாமி திரும்பிப் பாக்கும்னு தோணிச்சி. எங்கிட்ட பெருசா ஒன்னுமே இல்ல. அந்த முகாம்லயே பெருசு உங்கம்மா ஜடதான். வாய்ல அதான் வந்துச்சி. அத்த தெனம் பின்னுனது நானு. அத்தக் குடுக்கச் சொல்லோ எனுக்கும் வலிச்சிது நைனா."

இருபது வருஷமாக இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பேன் எடுக்கும்போது திட்டினேனே தவிர, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவளைப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது.

கார்த்தி என்னைப் பார்த்தான். நீண்ட நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தான். "அன்றைக்கு நீங்கள் அவ்வளவு பயந்தீர்களா?" என்று கேட்டான்.

"ஆமாம்டா" என்றேன். "வேற எதுவும் தோணல."

கூட்டத்தோடு கூட்டமாகப் படியேறினோம். மேலே போனதும் முடி இறக்கும் இடத்தின் பக்கம் அவனே நடந்தான். உட்காருவதற்கு முன் திரும்பி, ஒரே ஒரு நிபந்தனை என்றான். "இதுதான் கடைசி. இனிமேல் உங்களுக்குப் பயம் வந்தால் உங்களுடையதைக் கொடுங்கள். என்னுடைய எதையும், என் தங்கையுடைய எதையும் கேட்காமல் கொடுக்கக் கூடாது. வாக்குக் கொடுங்கள்."

அவன் கையில் அடித்து வாக்குக் கொடுத்தேன். நாவிதர் தண்ணீர் தெளித்தார். முடி விழ விழ அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான், சின்ன வயதில் ஊசி போடும்போது மூடுவானே அப்படி. நாகு சந்தனம் குழைத்துத் தடவிவிட்டாள். "லட்சணமா கீறான்டி" என்றாள். உண்மையில் பலாக்கொட்டை மாதிரிதான் இருந்தான்.

திரும்பி வந்தபோது கனடா விமான நிலையத்தில் அதிகாரி கடவுச்சீட்டுப் படத்தையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். "இந்தப் பையனுடைய முடி எங்கே?" என்றார். "கடவுளிடம்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார். கார்த்தி வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக இன்னும் இரண்டு அதிகாரிகளைப் பார்த்திருக்கலாம் என்று தோன்றியது.

6

மணி நான்கு ஆகப்போகிறது. ஃபோன் வரவில்லை. முகாம் அலுவலகத்துக்கு நானே போட்டுப் பார்த்தேன். லைன் கிடைக்கவில்லை. வடக்கே வானம் கறுத்துவிட்டது. முதல் இடி இப்போதுதான் இடித்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். வாய் தானாகவே பழைய பாதையில் போகப் பார்த்தது. 'அவன்' என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்னுடையதைக் கொடு என்றானே, என்னுடையது என்ன இருக்கிறது என்று யோசித்தேன். என் தலைமுடியில் பாதி இந்த ஊர்த் தண்ணீரில் போய்விட்டது, மிச்சத்தைக் கொடுத்தால் முருகனே வேண்டாம் என்பான். வளையல்களைக் கார்த்திக்கு வரப்போகிறவளுக்கு என்று எப்போதோ எடுத்துவைத்தாயிற்று. தாலியைத் தொட மாட்டேன். கிருத்திகைக்குச் சாப்பிடாமல் இருப்பது ஏற்கெனவே நடக்கிறது, அதை மறுபடி விற்க முடியாது. ரொட்டிப் பொட்டலம் கட்டும் வேலையை யார் கேட்டார்கள்? என்னுடையது என்று பெரிதாக ஒன்றைத் தேடினால், எங்கே சுற்றி வந்தாலும் அவன்தான் எதிரே வந்து நிற்கிறான்.

இரண்டாவது இடி இடித்தது. கையைக் கூப்பினேன்.

"முருகா, குடுக்கறதுக்கு எங்கிட்ட ஒன்னுமே இல்ல. இந்தத் தபா சும்மாவே காப்பாத்துப்பா" என்றேன்.